வெற்றெடை

புக்கிட் செராயா ஆலையின் எடைமேடையில்
எனக்குப் பன்னிரண்டு வருடம்.
லாரி செம்பனைக் குலையோடு ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும், எழுதுவேன்.
முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால்
மிஞ்சுவதுதான் பழம்.
அஸ்மான் ஒருமுறை
வெற்றெடைக்கு வருமுன் மாற்றுச் சக்கரத்தை
வேலியோரம் இறக்கிவிட்டு வந்தான்.
தொண்ணூறு கிலோ இரும்பையும் ரப்பரையும்
பழமாக்கப் பார்த்தான்.
திருப்பி அனுப்பினேன். சிரித்துக்கொண்டே போனான்.

பெருமைக்குச் சொல்லவில்லை.
கணக்குத் தெரிந்தவள் என்றுதான்
தோட்டத்துப் பள்ளியின் பெற்றோர் சங்கம்
என்னைப் பொருளாளர் ஆக்கியது.

முப்பத்தொரு பிள்ளைகள்.
தலைக்கு இவ்வளவு என்று பணம் வருகிறது.
பட்டணத்துப் பள்ளிக்கும் அதே தலை, அதே தொகை.
சுற்றறிக்கையைப் படித்தால்
ஓரவஞ்சனை ஒன்றும் தெரியாது.
அங்கே ஆயிரத்து இருநூறு தலை.
தண்ணீர் பம்பு ஒன்று.
இங்கேயும்
தண்ணீர் பம்பு ஒன்றுதான்.

தலைக்கு இத்தனை சொட்டு என்று
எங்கள் கூரை ஒழுகுவதில்லை.
முப்பத்தொரு பேர்தானே என்று
கறையான் பாதியில் நிறுத்துவதில்லை.

ஒன்றாம் ஆண்டும் இரண்டாம் ஆண்டும்
ஒரே அறை, ஒரே பலகை, நடுவில் சுண்ணக்கட்டிக் கோடு.
கவிநேஷுக்குச் சொல்லித் தரும் பெருக்கலை
கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து
லோஷினி களவாடிக் கற்றுவிட்டாள்.
கெட்டிக்காரி என்று எல்லோரும் மெச்சினோம்.
அவளுடைய பாடத்தை அந்த நேரத்தில்
யார் நடத்தியிருக்க வேண்டும் என்று
எவரும் கேட்கவில்லை. நானும்.

கழிப்பறைக்கு மனுப் போட்டோம்.
நிலத்துக்குக் கெரான் உண்டா என்றார்கள்.
நிலம் கம்பெனியுடையது.
கம்பெனி மூன்று கை மாறி
இப்போதைய முதலாளி தலைநகரில்
ஏதோ இருபத்தோராம் மாடியில் என்று கேள்வி.
கெரான் இல்லாவிட்டால் கெரான் இல்லை.
பட்டாவுக்கும் மானியத்துக்கும்
ஆபீஸ் மொழியில் ஒரே சொல் என்பது புரிய
எனக்கு நாற்பத்து மூன்று வயதும்
இரண்டு மறுப்புக் கடிதங்களும் தேவைப்பட்டன.

நாசி லெமாக் விற்றோம்.
சமைத்தது நாங்கள், விற்றது நாங்கள்,
வாங்கித் தின்றதும் நாங்கள்.
அறுநூற்றுப் பதினான்கு ரிங்கிட்.
பம்புக்கு ஐந்நூற்று எண்பது.
மீதியில் பழைய மின் பாக்கியில் கொஞ்சம் அடைத்தோம்.
தலைமையாசிரியர் சௌந்தரி
தன் பையிலிருந்து போட்டது
எந்த ஏட்டிலும் ஏறவில்லை.
ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போடுகிறார்கள், ஐயா,
அதில் குறை சொல்லவில்லை.
மேடையைத்தான் சரிபார்க்கச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவுப் பணியில்
ஒரு எடைச்சீட்டு அடித்தேன்.
வாகன எண் இருக்கும் இடத்தில் பள்ளியின் குறியீட்டு எண்.
பாரம்: முப்பத்தொரு பிள்ளை.
வெற்றெடை: கூரை ஒன்று, கிணறு ஒன்று,
ஆறு வகுப்புக்கு ஆறு ஆசிரியர்,
கதவு பூட்டும் கழிப்பறை இரண்டு.
பிள்ளை ஒன்றுகூட வாசல் மிதிக்குமுன்
பள்ளி தன்னையே சுமக்க வேண்டிய எடை இது,
இதைத் தனியாகக் கொடுத்துவிட்டு
அப்புறம் தலையை எண்ணுங்கள் என்று
கீழே பேனாவால் எழுதி
மூன்றாவது மனுவோடு இணைத்தேன்.

புதன்கிழமை மாவட்ட ஆபீசிலிருந்து
புவான் ரொஸ்னா கூப்பிட்டார்.
இது எந்த லாரியின் சீட்டு என்றார்.
லாரி இல்லை, பள்ளிக்கூடம் என்றேன்.
கொஞ்ச நேரம்
அவர் அறையின் மின்விசிறிதான் பேசியது.
பிறகு, எங்கள் பாரத்தில்
இதற்குக் கட்டம் இல்லையே என்றார்.
வருத்தமாகத்தான் சொன்னார், கேலியாக இல்லை.

கட்டம் கோடுதானே, போடுங்கள் என்றேன்.

அவர் பதில் சொல்லுமுன் ஹார்ன்.
அஸ்மான் மேடை ஏறிவிட்டான், குலையோடு.
போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
முள் நிற்கும்வரை பார்த்திருந்து
எழுதினேன்.